ஏரிக்கரையில் மங்கலத்தின் பெயர்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
30 ஜூலை 1974

உங்களுக்கு வாலாம்பாள் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பின்கட்டில் போன வருஷம் ஒழுகிய அதே இடத்தில்தான் இந்த வருஷமும் ஒழுகுகிறது, கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அங்கே தினமும் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் என்று எழுதியிருந்தீர்கள். நான் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பாவைத் திறந்தீர்களா? இந்தியாவின் அன்பளிப்பு என்று மேடையில் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. உங்கள் சுபாவம் எனக்குத் தெரியாதா.

நேச சங்கத்துச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைப் படிக்க உங்களுக்கு மனசு நிற்காது. காரியதரிசி ஊரில் இல்லை என்ற தைரியத்தில் இந்த மாதக் கூட்டத்தில் தலைவர் வக்கீல் நீலகண்டன் ஒரு மணி நேரம் பேசினாராம். பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைப் பிடித்து இழுக்க நீங்கள் இல்லை. வேறு தேசத்துக்காரர்கள் நம் வீடுகளில் வந்து தங்குவதும், நாம் அவர்கள் வீடுகளில் போய்த் தங்குவதும்தான் உலக சமாதானத்துக்குக் குறுக்கு வழி என்று நீங்கள் சொல்வதையே அவரும் சொன்னாராம். இந்த வருஷம் நம் சங்கத்திலிருந்து நீங்கள் டென்மார்க்குக்குப் போக, அங்கிருந்து கிர்ஸ்டன் அம்மாள் இங்கே வருவதைப் பெருமையாகச் சொல்லி முடித்தாராம்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு மனசு ரொம்ப மெல்லிசு, பெண்மணிகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள், சாப்பிடக் கூப்பிட்ட வீடுகளிலெல்லாம் உங்கள் தட்டுக்கு எதிரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள், அது அந்த நாட்டு வழக்கம் போலும் என்று. படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கிர்ஸ்டன் அம்மாள் போன வாரம் மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கினார். நீலகண்டன் மாலை போட்டார். அந்த அம்மாள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, போர்ட்டர்கள் முதற்கொண்டு எல்லாரும் பார்த்திருக்க, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் வீட்டில்தான் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நானும் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காட் இஸ் தேர் என்றேன். அதைக் கேட்டு இன்னும் அழுதார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் நம் வீட்டில் வந்து தங்கியபோது நம் பெண் மங்கலம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிக்கொடுத்த தமிழ் வார்த்தைகள் பத்துப் பதினைந்து அந்த அம்மாளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. ‘அம்மா’, ‘சாதம்’, ‘போதும்’, ‘கோலம்’. வீட்டுக்குள் வந்ததும் கூடத்துச் சுவரைத்தான் பார்த்தார். மங்கலம் படம் இருந்த இடத்தில் நீங்கள் படத்தை மட்டும் எடுத்தீர்கள், ஆணியைப் பிடுங்கவில்லை. மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைப் பூவாக வாங்கிக்கொண்டு வந்தார். ஆணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆணிக்கு நேர் கீழே தரையில் பூவை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெருமாளுக்கு என்று வாங்கியதைப் பாவம், இடம் தெரியாமல் வைக்கிறார் என்று நினைத்தேன். தரையில் வைத்ததைச் சாத்தலாமா என்று யோசித்தேன், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் மனசு நோகக்கூடாது என்று எடுத்துப் போய் வராகமூர்த்தி படத்துக்குச் சாத்திவிட்டேன். அந்த அம்மாள் அதைப் பார்த்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம்தான் ரத்னாபாய் வந்தாள். சங்கத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்கிற நம் காலேஜ் ரத்னாபாய் இல்லாவிட்டால் நான் இன்னும் பூச் சாத்திக்கொண்டே இருந்திருப்பேன். அவள் வந்து உட்கார்ந்ததும் கிர்ஸ்டன் அம்மாள் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்து என் மடியில் வைத்தார். ஒரு ஏரி, கரையில் ஒரு மரம், மரத்தடியில் மரப்பெஞ்சு. பெஞ்சின் முதுகில் பித்தளைத் தகடு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்றாலும் எழுத்துக் கூட்டத் தெரியும். நான் பெற்ற பெண்ணின் பெயர் எந்தப் பாஷையில் இருந்தாலும் எனக்குத் தெரியும். மங்கலம் என்று எழுதி, கீழே 1949 என்று போட்டு, ஒரு கோடு இழுத்து, 1971 என்று போட்டிருந்தது.

மங்கலம் திடீர் ஜுரத்தில் போய்விட்டாள் என்று நீங்கள் அவர்களுக்கு எழுதினீர்களாம். கிர்ஸ்டன் அம்மாள் சொல்லச் சொல்ல ரத்னாபாயின் முகம் எங்கெங்கோ போயிற்று. “மாமி, மங்கலம் மரிச்சுப் போயிட்டான்னு இவங்க நம்பியிட்டு இருக்காங்க. அவங்க ஸ்கூல் பிள்ளைகளே சேர்ந்து இந்த பெஞ்சு செஞ்சாங்களாம். வருஷா வருஷம் அதுல பூ வைக்கிறாங்களாம். நான் எந்தா மாமி சொல்லணும்?” என்று கேட்டாள். நாளைக்குப் பொன்முடிக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லு என்றேன்.

ராத்திரி முழுக்க உங்களைப் பற்றித்தான் யோசித்தேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குப் புரிகிறது, அதுதான் கஷ்டம். மங்கலம் ராஜையனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள் என்று சேதி வந்த அன்று நீங்கள் போய்க் குளத்தில் தலைமுழுகிவிட்டு வந்து, பூணூலை மாற்றிக்கொண்டு, இனிமேல் நமக்குப் பெண் இல்லை என்றீர்கள். நம் தெருவுக்கு அது புரிந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுழுகுவது என்றால் என்ன புரியும்? ஏன் என்று கேட்பார்கள். ராஜையன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், வேறு ஜாதி என்று சொல்ல வேண்டும். அந்தப் பையனைச் சங்கத்துக்குக் கூட்டி வந்ததே நீங்கள். நாற்காலி போடுவதிலிருந்து விருந்தாளிகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போவதுவரை எல்லாவற்றுக்கும் அவன்தான் வேண்டும் உங்களுக்கு. இவன்தான் உலகக் குடிமகன் என்று மேடையில் அவன் தோளில் கை போட்டுச் சொன்னீர்கள். கிர்ஸ்டன் அம்மாளும் அன்று கைதட்டினார். பிறகு அதே அம்மாளுக்கு எதை எழுதுவது? சாவு என்றால் எந்த ஊரிலும் புரியும், மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கேள்வி கேட்காததோடு நிற்கவில்லை. நாம் செய்யாத துக்கத்தையும் சேர்த்து அவர்கள் செய்துவிட்டார்கள்.

சங்கத்து விருந்தாளி யார் வந்தாலும் பொன்முடி உண்டு. கல்லாற்றில் வண்டியை நிறுத்தி, ஆற்றங்கரையில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, பிறகு மலை ஏறுவது. மங்கலம் அங்கே குடி போனதிலிருந்து உங்கள் கார் கல்லாற்றோடு திரும்பிவிடுகிறதாம். மேலே ரோடு மோசம் என்று விருந்தாளிகளிடம் சொல்கிறீர்களாம். ரத்னாபாய்தான் காரில் போகும்போது சொன்னாள். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் நான் வராகமூர்த்தியைக் கூப்பிட்டேன். கிர்ஸ்டன் அம்மாள் என் கையை விடவே இல்லை. பெண்ணை நினைத்துக் கலங்குகிறேன் என்று நினைத்திருப்பார். அது சரிதானே.

ராஜையன் அங்கே எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறான். தொழிலாளிகளுடைய லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, பனி மூடிய ஒரு சரிவில், இரண்டு அறை குவார்ட்டர்ஸ். கார் சத்தம் கேட்டு மங்கலம் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். எனக்கு வைகாசியிலேயே ரத்னாபாய் மூலம் தெரியும். உங்களிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்து ஒவ்வொரு நாளும் விழுங்கினேன். பிரயாணத்துக்கு முந்தின நாள் சொல்லலாம் என்று வந்தேன், நீங்கள் அப்போது சர்வதேச சகோதரத்துவம் என்று ஒரு பிரசங்கத்தைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் என் பெண்ணைப் பார்க்கிறேன், அவளை முதலில் தொட்டது நானில்லை. அந்த அம்மாள் ஓடிப் போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தோளைத் தொட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். மங்கலம் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. ரத்னாபாய் என்னைப் பார்த்தாள். இருப்பதை இருக்கிறபடியே சொல்லிவிடு என்றேன். அவள் இங்கிலீஷில் சொன்னாள். மங்கலத்துக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. நம் வீட்டு விஷயத்தை, ரத்னாபாய் அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் நம் பெண் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ராஜையன் ஆபீசிலிருந்து வந்தான். பழைய வழக்கம் போகவில்லை, வந்ததும் எல்லாருக்கும் நாற்காலி போட்டான். உங்களுக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டான். விஷயம் தெரிந்தபோது மட்டும் அவன் முகம் மாறிற்று. பிள்ளைத்தாச்சிப் பெண் பார்க்கக்கூடாத படம் என்று, கிர்ஸ்டன் அம்மாள் கொண்டுவந்திருந்த போட்டோவை வாங்கிக்கொண்டு போய்க் காரில் வைத்துவிட்டு வந்தான். “மாமி, என்னைப் பத்தி மாமா எந்து வேணும்னாலும் எழுதட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை. இவளைப் பத்தி இப்படி எழுதலாமா? வயித்துல ஒரு ஜீவன் கிடக்கு. அந்தப் படம் எங்க வீட்டுக்குள்ள வேண்டாம் கேட்டோ” என்றான். குரலை உயர்த்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மங்கலம் கேட்கவில்லை. தானே காருக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிர்ஸ்டன் அம்மாளிடம், அப்பா இந்த பெஞ்சில் உட்கார்ந்தாரா என்று கேட்டாள்.

உட்கார்ந்தாராம். நீங்கள் போய் இறங்கிய மறுநாளே, தான் இங்கே கிளம்புவதற்கு முன்பு, உங்களை அங்கே கூட்டிப் போனது தானேதான் என்று அந்த அம்மாள் சொன்னார். முதலில் தூரத்திலேயே நின்றீர்களாம். அப்புறம் உட்கார்ந்து, தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதீர்களாம். உங்களைத் தனியாக விட வேண்டும் என்று அவர் ஏரியோரமாக நடந்து போய்விட்டாராம். ரத்னாபாய் இதை எனக்குத் தமிழில் சொல்லி முடிக்கும் முன் மங்கலம் காபி போட உள்ளே போய்விட்டாள். காபி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அதில் சர்க்கரை இல்லை, எல்லாரும் குடித்தோம்.

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருத்தம்தான் வருகிறது. இந்த மூன்று வருஷத்தில் அவள் பெயரை இந்த வீட்டில் நான் ஒரு தடவை சொல்லி, நீங்கள் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்திருந்தால், எங்கேயோ ஒரு ஏரிக்கரைக்குப் போய் நீங்கள் அழ வேண்டியிருந்திருக்காது. உயிரோடு இருக்கிற பெண்ணுக்காக, அவள் செத்துவிட்டதாக நம்புகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். அந்த அழுகை பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக உங்களோடு குடித்தனம் செய்கிறேன். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மங்கலத்தின் கால் வீங்கியிருக்கிறது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, கடைசி மாதம் மலையில் இருக்கக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று எஸ்டேட் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மேலே பஸ் எப்போதோ ஒன்றுதான். மழை வலுத்தால் மண் சரிந்து அதுவும் நின்றுவிடும். ராஜையனுக்குத் தாயார் இல்லை. அவன் சொந்தக்காரர்கள் இருப்பது ஆஸ்பத்திரிக்கு எட்டாத ஒரு கிராமம். தலைப்பிரசவம் தாயார் வீட்டில் என்பது நம்மில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கார் இருக்கிறது, இப்போதே என்னோடு கிளம்பு என்று அவளைக் கூப்பிட்டேன். அப்பா வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் தைரியத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “செத்துப்போனவ எப்படிம்மா பிரசவத்துக்கு ஆத்துக்கு வருவா? நான் உயிரோட இருக்கேன்னு அப்பா அங்க அவா எல்லார்ட்டயும் சொல்லட்டும். என்னைச் சேர்த்துக்கோன்னு கேக்கலை. இருக்கேன்னு மட்டும் சொல்லட்டும். அன்னிக்கே வந்துடறேன்” என்றாள். ராஜையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், உடம்பைப் பார் என்றான், நான் அழுதேன். அசையவில்லை. அவள் உங்கள் பெண், வேறு எப்படி இருப்பாள்.

கிர்ஸ்டன் அம்மாள் திரும்பி வரும்போது விதுரா தாண்டியதும் ரத்னாபாயிடம் சொன்னார், தன் ஊருக்கு இதை எழுத மாட்டாராம். சொல்ல வேண்டியவர் அங்கேயே இருக்கிறார், அவர் சொல்வதற்கு முன் நான் சொன்னால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்றாராம். அவருக்குக் கோபம் இருக்கிறது. நான் பரிமாறும்போது இப்போதெல்லாம் போதும் என்று சொல்லாமலே கையால் இலையை மறைத்துவிடுகிறார். ஆனால் நேற்று உட்கார்ந்து கம்பளி நூலில் ஒரு சின்னக் குல்லாய் பின்ன ஆரம்பித்திருக்கிறார். இந்த ஊர் வெயிலில் எந்தக் குழந்தை அதைப் போட்டுக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் கிளம்பும் முன் அங்கே சங்கத்தில் வழியனுப்புக் கூட்டம் உண்டாமே. அதில் நீங்கள் பேசுவீர்களாம். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பிரசங்கத்தை வைத்துவிடுங்கள். என் பெண் இருக்கிறாள், நான்தான் அவளை இல்லை என்று சொன்னேன், இதுதான் காரணம் என்று எழுந்து நின்று சொல்லுங்கள். பெரிய இங்கிலீஷ் வேண்டாம். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்று நினைப்பீர்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பெஞ்சு செய்த பிள்ளைகள் உங்களைப் பார்க்காமல் போகலாம். போகட்டும். அந்தத் தகட்டை அவர்கள் கழற்றும்போது நீங்களும் கூட நில்லுங்கள். ஒரு நேசத்தை உண்டாக்கத்தானே அவ்வளவு தூரம் போனீர்கள்? பொய்யின் மேல் உட்கார்ந்திருக்கிற நேசத்தை எத்தனை வருஷம் காப்பாற்ற முடியும்?

நீங்கள் என்ன செய்தாலும் ஓணத்துக்குள் வந்துவிடுங்கள். கூடத்து அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். அது விருந்தாளிகளுக்கு என்று நீங்கள் கேட்டால், இந்த வருஷம் வருகிற விருந்தாளி மங்கலம்தான். அவள் உடம்பு தாங்க வேண்டும், உங்கள் மனசு இளக வேண்டும், இரண்டையும் வராகமூர்த்தியிடம் ஒன்றாகவே கேட்கிறேன். உங்களைக் குறைசொல்லி எழுதியதில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லி முடித்த அன்றே அங்கிருந்து ஒரு தந்தி அடியுங்கள். எனக்கு வேண்டாம், நான் காத்திருந்து பழகியவள். மங்கலம் ராஜையன், பொன்முடி எஸ்டேட் என்று அவள் பெயரை முழுதாகப் போட்டு அவளுக்கே அடியுங்கள். உள்ளே என்ன எழுத என்று திகைக்க வேண்டாம், எதை எழுதினாலும் சரி. செத்தவர்கள் பெயருக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை, அது அவளுக்குப் புரியும்.

இப்படிக்கு,
மங்கலத்தின் அம்மா,
வாலாம்பாள்